வாய்ச்சொல்லும் வலைப்பக்கமும்: நெடுங்கேணிக் குழாய் பொருத்துநருக்கு இணையம் எவ்வளவு உதவும்?

குழாய் பொருத்துநர் என்று அரச ஆவணங்களும் பிளம்பர் என்று ஊராரும் குறிப்பிடும் தொழிலாளி ஒருவருக்கு இணையத்தளமோ வலைப்பதிவோ வேலை தேடித்தருமா என்ற வினாவுக்கு, அவர் எந்த ஊரில் தொழில் செய்கிறார், எவ்வகை வேலையை ஏற்கிறார், அவ்வேலைக்குக் காசு கொடுப்பவர் எங்கே இருக்கிறார் என்ற மூன்றையும் அறியாமல் விடை கூறுதல் இயலாது. இணையத்தளம் என்பது ஒரு நிலையான முகவரியின் கீழ் தொழிலாளியின் பெயர், வேலை, தொடர்பு இலக்கம் முதலியவற்றை எவரும் எந்நேரமும் பார்க்கக்கூடியவாறு வைத்திருக்கும் பக்கங்களின் தொகுதி. வலைப்பதிவு என்பது அவ்விடத்திலேயே நாள்வரிசையில் சேர்க்கப்பட்டு வரும் சிறு கட்டுரைகளின் தொகுதி. இவ்விரண்டையும் செய்து விற்பவர்கள் இவையில்லாத தொழிலாளிக்கு எதிர்காலமே இல்லை என்று சொல்வதும், அனுபவம் மிக்க தொழிலாளர் பலர் கைவேலை நன்றாக இருந்தால் வேலை தானே வரும் என்று சொல்வதும் வழக்கம். நெடுங்கேணி போன்ற ஓர் ஊரை எடுத்து ஆராய்ந்தால், பின்னவர் கூற்றே உண்மைக்கு அண்மையானது என்பதும், ஆயினும் அக்கூற்று ஒரு முக்கியமான வாடிக்கையாளரைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது என்பதும் தெரியவரும்.

வவுனியா வடக்குப் பிரதேச செயலாளர் பிரிவைச் சேர்ந்த நெடுங்கேணி, ஏ-9 வீதியிலுள்ள புளியங்குளத்திலிருந்து கிழக்கே முல்லைத்தீவுப் பக்கம் செல்லும் வீதியில் அமைந்திருக்கிறது. ஊரின் பெயரிலேயே கேணி இருக்கிறது. குளத்தையும் கிணற்றையும் நம்பி வாழ்ந்த வன்னியின் பிற ஊர்களைப் போலவே இங்கும் நீர் என்பது நெடுங்காலமாகத் துலாவோடும் கப்பியோடும் வாளியோடும் இணைந்த விடயமாக இருந்தது. போர்க்காலத்தில் வன்னிப் பெருநிலப்பரப்பு மின்சார வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தமையால், தோட்டத்துக்கு நீரிறைக்க மண்ணெண்ணெய் இயந்திரமே துணையாயிருந்தது. வீட்டுக்குள் குழாய் ஓடுவது அரிதாயிருந்தது. 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் மக்கள் மீளக்குடியமர்ந்து, மின்சாரம் வந்து, கல்வீடுகள் எழுந்தபோதே குழாய் பொருத்தும் தொழில் இங்கே ஒருவர் முழுநேரமாகச் செய்து பிழைக்கக்கூடிய தொழிலாக வளர்ந்தது. இந்திய அரசின் வீட்டுத்திட்டத்தின் பெரும்பகுதி 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கப்பட்டு, ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபா வீதம், உரிமையாளர் தாமே வேலையாட்களைப் பிடித்துக் கட்டும் முறையில் வடக்கிலும் கிழக்கிலும் நடைபெற்றது. மேசனையும் பிளம்பரையும் தெரிவு செய்யும் பொறுப்பை அம்முறை ஒப்பந்தகாரரிடமிருந்து எடுத்து வீட்டுக்காரரிடம், பல இடங்களில் கணவனை இழந்த வீட்டுத் தலைவியிடம், ஒப்படைத்தது. தொழிலாளியை எப்படித் தெரிவு செய்வது என்பதை ஊர் முழுவதும் ஒரே காலத்தில் கற்றுக்கொண்டது அப்போதுதான் எனலாம்.

ஊர் கற்றுக்கொண்ட முறை எளியது. "உங்கட வீட்டுக்கு ஆர் பைப் போட்டது?" என்று பக்கத்து வளவில் கேட்பது முதற்படி, வீட்டைக் கட்டும் மேசனிடம் கேட்பது இரண்டாவது படி, சந்தியிலுள்ள ஹாட்வெயார் கடையில் கேட்பது மூன்றாவது படி. இம்மூவரில் கடைக்காரரின் சொல்லுக்கு எடை அதிகம். எந்தத் தொழிலாளி எத்தகைய சாமான் வாங்குகிறார், யார் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கிறார், யாருடைய வேலை முடிந்த மறுவாரம் வாடிக்கையாளர் முறைப்பாட்டோடு கடைக்கு வருகிறார் என்பவை யாவும் அவருக்குத் தெரியும். இச்சங்கிலி வலுவாக இருக்கும் வரைக்கும், ஊருக்குள் இருக்கும் வாடிக்கையாளர் இணையத்தில் தேட வேண்டிய தேவையே எழுவதில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வவுனியா மாவட்டம் முழுவதிலும் வாழ்ந்தோர் ஏறத்தாழ 1,72,000 பேர். அம்மாவட்டத்தின் நான்கு பிரதேச செயலாளர் பிரிவுகளுள் ஒன்றில் அடங்கிய ஊரொன்றில், பிளம்பர் என்ற சொல்லை ஒரு மாதத்தில் தேடக்கூடியவர்கள் மிகச் சிலராகவே இருப்பர். தேடற்பொறியில் முதலிடம் பெற்றுத்தருவதாகச் சொல்லி மாதக் கட்டணம் கேட்பவரிடம் ஒரு தொழிலாளி காசு கொடுக்குமுன் இவ்வெண்ணிக்கையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெருநகரங்களில் நிலைமை வேறு. 1996இல் மும்பையில் தொலைபேசி வழித் தகவல் சேவையாகத் தோன்றிய ஜஸ்ட் டயலும், 2014இல் அர்பன் கிளாப் என்ற பெயரில் தோன்றி 2020இல் அர்பன் கம்பனி எனப் பெயர்மாறிய நிறுவனமும் இந்திய நகரங்களில் வளர்ந்ததற்குக் காரணம், அடுக்குமாடியின் ஆறாம் மாடியில் இருப்பவருக்குக் கேட்டறிய ஒரு மேசனும் இல்லை, கடைக்காரரும் இல்லை என்பதே. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள செல்சி என்ற சிற்றூரின் கதை வன்னிக்கு இன்னும் நெருக்கமானது. 1998 ஜனவரியில் அவ்வூரைச் சூறாவளி தாக்கிக் கூரைகளைச் சேதப்படுத்தியபோது, முன்பின் அறியாத வேலையாட்கள் வந்து திருத்தவேலைகளை ஏற்றனர். அவர்களுள் நம்பத்தகாதவர்களும் இருந்தமையால், சரிபார்க்கப்பட்ட தொழிலாளரின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கும் எண்ணம் பிறந்து, செக்கட்ரேட் என்ற நிறுவனமாக வளர்ந்தது. ஊர் சிறியதாயினும், அழிவுக்குப் பின்னர் அந்நியர் வந்து வேலை செய்த காலத்தில், வாய்ச்சொல்லால் மட்டும் சமாளிக்க முடியாத நிலை அங்கே தோன்றிற்று. மீள்கட்டுமான ஆண்டுகளில் வெளியூர் வேலையாட்கள் வந்துபோன வன்னியிலும் அந்நிலை இருந்தது. வேலை முடித்துப் போனவரின் தொலைபேசி இலக்கம் சில மாதங்களில் இயங்காமற்போக, ஒழுகும் மூட்டைத் திருத்த யாரை அழைப்பதென்று தெரியாமல் நின்ற வீடுகள் பல.

இனி வேலையின் வகைகளைப் பிரித்து நோக்குதல் வேண்டும். குழாய் வெடித்து நீர் ஓடுகிறது, மோட்டார் நின்றுவிட்டது, மலசலகூடம் அடைத்துவிட்டது என்பன அவசர வேலைகள். இவற்றுக்கு வாடிக்கையாளர் கட்டுரை எதையும் வாசிப்பதில்லை, கையில் அகப்படும் முதல் இலக்கத்தை அழைக்கிறார். ஆகவே அவசர வேலையை விரும்பும் தொழிலாளி தமது இலக்கத்தை அது தேவைப்படும் இடத்திலேயே வைத்தல் நன்று. மோட்டாரின் உடலிலும், தண்ணீர்த் தாங்கியின் அடியில் கை எட்டும் உயரத்திலும், பெயர், இலக்கம், பொருத்திய திகதி ஆகியவை கொண்ட நீர்படாத ஸ்ரிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டு வருவது எந்த இணைய விளம்பரத்தையும் விடப் பயன்மிக்கது. அதில் திகதி இருப்பது மிக முக்கியமானது. எட்டு ஆண்டுகளுக்கு முன் பொருத்திய மோட்டார் இன்னும் ஓடுகிறது என்பதை அத்திகதி வீட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருக்கும். 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்காக வழங்கப்பட்ட கியூ.ஆர். குறியீடு, சதுரக் கட்டங்களாலான அப்படத்தைக் கைத்தொலைபேசியால் வாசிக்கும் பழக்கத்தை மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் குக்கிராமத்தவருக்கும் அறிமுகப்படுத்திவிட்டமையால், அத்தகைய குறியீட்டையும் ஸ்ரிக்கரில் அச்சிட்டுத் தமது பக்கத்துக்கு வழிகாட்டலாம்.

பாடசாலை, வைத்தியசாலை, பிரதேச சபை, தொண்டு நிறுவனம் ஆகியவற்றின் வேலைகள் விலைமனு கோரல் முறையில் வழங்கப்படுகின்றன. அங்கே வியாபாரப் பெயர்ப் பதிவும், வங்கிக் கணக்கும், தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழும் கேட்கப்படலாமேயன்றி, வலைப்பதிவு கேட்கப்படுவதில்லை. மூன்றாம் நிலைக் கல்வி மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் மேற்பார்வையிலுள்ள அச்சான்றிதழை, பயிற்சி நெறிக்குப் போகாமல் வேலைத்தளத்திலேயே தொழில் பழகியவரும் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், அதாவது செய்து காட்டி மதிப்பீடு பெறும் முறையில், எடுத்துக்கொள்ள முடியும். இணையத்தளத்துக்குச் செலவிடுமுன் இச்சான்றிதழைப் பெற முயல்வதே சரியான வரிசை. பக்கத்தில் வைப்பதற்கு ஏதேனும் இருந்தால்தான் பக்கம் பயன்படும்.

எஞ்சியிருப்பது திட்டமிட்ட வேலை: புதுவீட்டுக்கு முழுக் குழாய் அமைப்பு, பழைய வீட்டுக்குள் குளியலறை, தாங்கி மேடை, குழாய்க்கிணற்றிலிருந்து தோட்டத்துக்கு நீர் விநியோகம். இவற்றில் வாடிக்கையாளர் வாரக்கணக்கில் யோசிக்கிறார், இருவர் மூவரிடம் விலை கேட்கிறார், பெருந்தொகை செலவிடுகிறார். இணையம் உதவக்கூடிய இடம் இதுவே. ஏன் உதவுகிறது என்பதற்குப் பொருளியலில் நல்ல விளக்கம் இருக்கிறது. பிலிப் நெல்சன் 1970இல் பொருள்களை இருவகையாகப் பிரித்தார்: வாங்குமுன்னரே தரத்தைப் பார்த்து அறியக்கூடியவை ஒருவகை, வாங்கிப் பயன்படுத்திய பின்னரே அறியக்கூடியவை மற்றொரு வகை. 1973இல் டார்பி, கார்னி ஆகிய இருவரும் மூன்றாவது வகையொன்றைச் சேர்த்தனர்: வாங்கிப் பயன்படுத்திய பின்னரும் தரத்தை எளிதில் அறிய முடியாமல், விற்றவரை நம்புவதைத் தவிர வேறு வழியில்லாதவை. சுவருக்குள் புதைந்த குழாய் இம்மூன்றாம் வகைக்கு மிகப் பொருத்தமான உதாரணம். மூட்டுகளில் பசை சரியாகப் பூசப்பட்டதா, சொன்ன தரத்துக் குழாய்தான் போடப்பட்டதா என்பதைச் சீமெந்து பூசிய பின் எவரும் பார்க்க முடியாது. சில ஆண்டுகள் கழித்துச் சுவரில் ஈரம் கசியும்போது தவறு யாருடையது என்று நிறுவவும் முடியாது. நல்ல வேலைக்காரரும் மோசமான வேலைக்காரரும் பூசிய சுவருக்கு முன்னால் ஒரேமாதிரி நிற்கின்றனர் என்பதே இத்தொழிலின் பெரிய அநீதி. நல்ல வேலையைச் செய்தவர் அதை மற்றவர் கண்ணுக்குக் காட்டும் வழி ஒன்றைத் தேடிக்கொள்ளாவிட்டால், குறைந்த விலை சொன்னவரிடமே வேலை போகும்.

அவ்வழி, சுவர் பூசுமுன் எடுக்கப்படும் படம். ஒவ்வொரு சுவரையும் நேரெதிரே நின்று, நிலத்திலிருந்தும் மூலையிலிருந்தும் அளவுநாடா பிடித்து, குழாயின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் நிறுவனப் பெயரும் எஸ்.எல்.எஸ். 147 என்ற இலங்கைத் தர இலக்கமும் தெரியும்படி படமெடுத்தல் வேண்டும். பின்னர் எல்லா வாயில்களையும் அடைத்து, பசை காய்வதற்கு வேண்டிய நேரம் விட்டு, அழுத்தமானி பொருத்தி நீரழுத்தம் ஏற்றி, முள் மாலையில் எங்கே நின்றது, மறுநாட் காலையில் எங்கே நின்றது என்ற இரண்டு படங்களையும் எடுத்தல் வேண்டும். இப்படங்கள் வீட்டுக்காரருக்கு இன்னொரு வகையிலும் உதவுகின்றன: பிற்காலத்தில் சுவரில் ஆணி அடிக்கவோ துளையிடவோ நேரும்போது குழாய் எங்கே போகிறது என்பதை அவர் பார்த்துக்கொள்ளலாம். வேலை செய்த ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தகைய படத்தொகுதி ஒன்றைக் கொடுக்கும் தொழிலாளி, அவற்றுள் உரிமையாளர் அனுமதித்த இரண்டு மூன்றைத் தமது பக்கத்தில் வைத்தாலே அது எந்த அலங்கார வாசகத்தையும் விட அதிகம் பேசும். சிரிக்கும் மாதிரிகளின் படமும் வெளிநாட்டுக் குளியலறையின் படமும் பிற இடங்களிலிருந்து எடுத்து ஒட்டப்பட்ட பக்கம் எதையும் நிறுவுவதில்லை.

மேலே குறிப்பிட்ட, அனுபவம் மிக்க தொழிலாளரின் கூற்றிலிருந்து விடுபட்ட வாடிக்கையாளர் யார் என்பது இங்கே தெளிவாகும். நெடுங்கேணியிலும் ஒலுமடு, மருதோடை முதலிய அயற்கிராமங்களிலும் கட்டப்படும் வீடுகளுட் சிலவற்றுக்குக் காசு லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ பாரிசிலிருந்தோ வருகிறது. வீட்டில் தாயோ சகோதரியோ இருக்கலாம். தெரிவு செய்பவரும் செலவழிப்பவரும் கடல் கடந்து இருக்கிறார். அவர் ஊரை விட்டுப் போய் இருபது முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கலாம். இப்போதைய மேசனையும் கடைக்காரரையும் அவருக்குத் தெரியாது. அவருக்கு உறவினர் ஒருவர் ஒரு பெயரைச் சொல்கிறார். அப்பெயரை அவர் உடனே கைத்தொலைபேசியில் தேடிப் பார்க்கிறார். ஊரில் பிறந்தவராயினும், தொழிலாளியை விசாரிக்கும் பழக்கத்தில் அவர் இப்போது அந்நாட்டவர். பிரித்தானியாவில் வீட்டைச் சூடாக்கும் பொயிலரைப் பொருத்தித் திருத்தும் ஹீட்டிங் எஞ்சினியர் எனப்படுபவர், எரிவாயு தொடர்பான வேலை செய்வதற்குக் காஸ் சேஃப் பதிவேட்டில் பதிந்திருத்தல் சட்டப்படி கட்டாயம். 2009 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலிருக்கும் அப்பதிவேட்டில், வாசலில் வந்து நிற்பவரின் அடையாள அட்டை இலக்கத்தை வீட்டுக்காரர் இணையத்திலேயே சரிபார்க்கலாம். அப்படிச் சரிபார்த்துக் கதவு திறந்து பழகியவர், நெடுங்கேணியில் தாயின் வீட்டுக்கு வரும் பிளம்பரைப் பற்றியும் ஏதேனும் ஒன்றைப் பார்க்க விரும்புவது இயல்பே.

ஆகவே, வலைப்பக்கம் இங்கே முதல் அழைப்பைக் கொண்டுவருவதில்லை. வாய்ச்சொல்லால் வந்த பெயரை உறுதிப்படுத்துகிறது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் பக்கத்தை விளம்பரமாக அமைக்காமல் சான்றாக அமைப்பார். தொழிலாளியின் முகம் தெளிவாகத் தெரியும் படம், முழுப்பெயர், தகைமைச் சான்றிதழ், வேலை செய்யும் ஊர்களின் பெயர்கள், சுவர் பூசுமுன் எடுத்த படங்கள், வட்ஸ்அப் இலக்கம் ஆகியவையே போதுமானவை. முகப்படம் இருப்பதன் பயன் வெளிநாட்டிலிருப்பவரோடு நின்றுவிடுவதில்லை. தனித்து வாழும் பெண்களும், பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களும் வன்னியில் அதிகம். பகலில் ஆண்துணையில்லாத வீட்டுக்குள் வேலைக்கு வரப்போகிறவர் யார், கூட வரும் உதவியாளர் யார் என்பதை அழைப்பதற்கு முன்னரே பார்த்தறிய முடிவது அவர்களுக்குப் பெரிய ஆறுதல். வேலையாளரைத் தெரிவு செய்வது பற்றிய நூல்கள் பலவும் பேசாது விடும் இவ்விடயம், வன்னியைப் பொறுத்தவரை முதலிடம் பெறத்தக்கது.

வெளிநாட்டு வாடிக்கையாளர் எழுதும் நேரத்தையும் கவனித்தல் வேண்டும். லண்டன் இலங்கையை விட மாரியில் ஐந்தரை மணித்தியாலமும் கோடையில் நாலரை மணித்தியாலமும் பிந்தியது. ரொறன்ரோ பத்தரை அல்லது ஒன்பதரை மணித்தியாலம் பிந்தியது. அவர் வேலை முடிந்து வீடு வந்து எழுதும்போது இங்கே நள்ளிரவோ விடியற்காலையோ ஆகியிருக்கும். 2018இல் அறிமுகமான வட்ஸ்அப் பிசினஸ் செயலியில், தொழிலாளி இல்லாத நேரத்தில் தானாகவே பதில் அனுப்பும் வசதி கட்டணமின்றி இருக்கிறது. "வணக்கம் அண்ணை, உங்கட செய்தி கிடைச்சது. காலமை வேலைக்கு வெளிக்கிட முதல் பதில் எழுதுவன். வீட்டுப் படமோ வரைபடமோ இருந்தால் அனுப்பி விடுங்கோ" என்ற அளவில் ஒரு செய்தியை எழுதிவைத்தல் போதும், எழுதுபவர் பெண்ணாகவும் இருக்கலாமாகையால் அண்ணை என்ற விளியை நீக்கிவிடுதல் இன்னும் பாதுகாப்பானது. பிரித்தானியாவிலும் கனடாவிலும் பாடசாலை விடுமுறை வரும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் குடும்பங்கள் ஊருக்கு வருகின்றன. குளியலறை அதற்குமுன் முடிந்திருத்தல் வேண்டுமாகையால், அவ்வேலைக்கான பேச்சைத் தைப்பொங்கலை ஒட்டியே தொடங்கிவிடும்படி தொழிலாளி முன்கூட்டி நினைவூட்டலாம்.

வலைப்பதிவு எழுதுவது பயன்தருமா என்பது தனிக் கேள்வி. இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் வெற்றிக்கதை அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்து நீச்சற்குள நிறுவனமொன்றுடையது. 2008இன் நிதி நெருக்கடியில் ரிவர் பூல்ஸ் என்ற அந்நிறுவனம் மூடும் நிலைக்கு வந்தபோது, அதன் பங்காளிகளுள் ஒருவரான மார்க்கஸ் ஷெரிடன், வாடிக்கையாளர் வழக்கமாகக் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும், விலை என்ன என்ற கேள்விக்குங்கூட, மறைக்காமல் கட்டுரையாகப் பதில் எழுதத் தொடங்கினார், நிறுவனம் பிழைத்தது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எழுதும் முறையே. அளவை எதிர்பார்த்தல் ஆகாது. நீச்சற்குளம் வாங்குபவர் மாதக்கணக்கில் வாசிக்கிறார், ஒரு விற்பனையே பெருந்தொகை. வாஷர் மாற்றுவதற்கு எவரும் வாசிப்பதில்லை. அன்றியும், வாரம் ஒரு கட்டுரை எழுத முயன்று மூன்றாம் வாரத்தில் நின்றுபோன வலைப்பதிவு, தொழிலாளி தொழிலையே விட்டுவிட்டாரோ என்ற ஐயத்தை வாசிப்பவருக்கு எழுப்பும். எப்போதும் மாறாத ஐந்து ஆறு கேள்விகளுக்கு மட்டும் ஒருமுறை நன்றாக எழுதி நிறுத்திவிடுவதே நெடுங்கேணித் தொழிலாளிக்குப் பொருந்தும்.

அக்கேள்விகளை வாடிக்கையாளர் கேட்கும் சொற்களிலேயே தலைப்பாக வைத்தல் வேண்டும். மையவிலக்கு நீரேற்றியின் செயலிழப்பு என்று எவரும் தேடுவதில்லை. "மோட்டர் ஓடுது, தண்ணி ஏறேல்ல" என்றே கேட்கின்றனர். அத்தலைப்பின் கீழ் எழுதத்தக்கவை இவை: கிணற்று மேட்டில் வைக்கப்படும் மோட்டார் நீரை ஏறத்தாழ 7 மீற்றர் ஆழத்துக்கு மேல் உறிஞ்சி எடுப்பது கடினம், காற்றழுத்தம் தாங்கக்கூடிய நீர்நிரலின் உயரமே 10 மீற்றர் அளவில் முடிந்துவிடுகிறது. வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் கிணற்று மட்டம் கீழே போகும்போது, மாரியில் நன்றாக ஓடிய மோட்டார் வெறுமனே சுழல்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். புதிய மோட்டார் வாங்குவதால் இது தீராது, மோட்டாரைக் கீழே இறக்குவதாலோ நீருள் அமிழும் மோட்டாரைப் போடுவதாலோ தீரும். இன்னொரு காரணம், உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் புட்வால்வு, அதாவது நீரை மேலே மட்டும் விட்டுத் திரும்பிப் போகவிடாத கதவம், மண் சிக்கி மூடாமல் நிற்பது. இதை வீட்டுக்காரர் தாமே கழுவிப் பொருத்தலாம். இவ்வாறு எழுதினால் ஒரு வேலை கைவிட்டுப் போகும் என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் தேவையற்றது. புதிய மோட்டார் வேண்டாம் என்று சொன்ன தொழிலாளியின் பெயர் அவ்வீட்டில் மறக்கப்படாது. அடுத்த பெரிய வேலை அவருக்கே வரும்.

அவ்வாறே, தாங்கியை உயரத்தில் வைத்தும் ஷவரில் நீர் ஏன் மெதுவாக வருகிறது என்பதற்கு, 10 மீற்றர் உயரம் ஒரு பார் அழுத்தமே தருகிறது என்பதையும், 1000 லீற்றர் தாங்கி நிரம்பினால் நீர் மட்டுமே ஒரு தொன் எடையாகும் என்பதால் மேடையை விருப்பப்படி உயர்த்த முடியாது என்பதையும் விளக்கலாம். கேத்திலின் அடியிலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படியும் கல்லைப் பற்றியும் எழுதலாம்; வன்னியின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினநீராக, அதாவது கல்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்ததாக, இருப்பதே அதற்குக் காரணம், மின்சாரத்தாலோ வெயிலாலோ நீரைச் சூடாக்கும் கருவி பொருத்துவோர் அதைக் கணக்கில் எடுத்தல் வேண்டும். ஆனால் நீர்வடிப்பானைப் பற்றி எழுதும்போது எல்லை மீறுதல் கூடாது. காரணம் முழுமையாகத் தெளியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பதிவாகும் மாவட்டங்களுள் வவுனியாவும் ஒன்று. அந்நோயைத் தடுக்கும் என்று சொல்லி வடிப்பானை விற்பது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடைசெய்யும் தவறான எடுத்துரைப்பாக முடியலாம். சட்டத்துக்கு அப்பாலும், நோயுற்ற வீட்டின் அச்சத்தை விற்பனைக்குப் பயன்படுத்துவது எவ்வகையிலும் தகாது.

விலையை எழுதுவதா விடுவதா என்பதில் ஷெரிடனின் முறையை அப்படியே பின்பற்ற முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணயமாற்று விகிதம் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனபோது, அதற்குமுன் எழுதப்பட்ட விலைப்பட்டியல் எதுவும் செல்லுபடியாகவில்லை. பழைய விலையைக் காட்டி வாதாடும் வாடிக்கையாளருக்கும் நட்டம் தாங்காத தொழிலாளிக்கும் இடையே மனக்கசப்பே மிஞ்சும். சாமான் விலையைக் கடையின் சிட்டைப்படி வீட்டுக்காரரே செலுத்துவார், கூலி ஒரு நீர்வாயிலுக்கு இவ்வளவு அல்லது ஒரு நாளுக்கு இவ்வளவு, போக்குவரத்து தனி, முற்பணம் இவ்வளவு பங்கு என்று கணக்கிடும் முறையைத் திகதியிட்டு எழுதிவைத்தால் விலை மாறினாலும் முறை மாறாது. தூரத்திலிருந்து காசு அனுப்புபவரின் மனத்திலிருக்கும் முதல் ஐயம் சாமான் விலையில் கூட்டிக் காட்டப்படுகிறதோ என்பதாகையால், சிட்டையின் படத்தை அன்றன்றே அனுப்புவேன் என்ற ஒரு வரி அவ்விடத்தில் மிகுந்த பயன் தரும்.

பக்கத்தை எங்கே வைப்பது என்பதை நீட்டி ஆராய வேண்டியதில்லை. கூகுள் வரைபடத்தில் தொழிலைப் பதிவு செய்தல் இலவசம். வீட்டு முகவரியை மறைத்து, வேலை செய்யும் பிரதேசத்தை மட்டும் காட்டவும் முடியும். ஆங்கில எழுத்தில் நெடுங்கேணியின் பெயர் ஒரே விதமாக எழுதப்படுவதில்லை. நடுவே ரகர எழுத்தைச் சேர்த்தும் விட்டும், இறுதியை இருவேறு எழுத்தால் முடித்தும் எழுதுகின்றனர். தமிழ் வடிவத்தோடு அவ்வடிவங்கள் எல்லாவற்றையும், புளியங்குளம், ஒட்டுசுட்டான் போன்ற அயலூர்ப் பெயர்களையும் விவரணத்தில் சேர்த்தல், தேடுபவர் எவ்வாறு எழுதினாலும் அகப்பட உதவும். முகநூற் பக்கமும் போதுமானதே. ஆயினும் பிறர் காணியில் போட்ட கொட்டிலை அவர் எப்போது வேண்டுமானாலும் பிரிக்கச் சொல்லலாம்: வரைபடப் பதிவோடு கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த சிறு இணையத்தளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டபோது, அவற்றை மட்டும் நம்பியிருந்த தொழில்கள் தமது முகவரியை இழந்தன. ஆகவே படங்களின் மூலப் பிரதிகளைத் தனியே சேமித்து வைத்தல் வேண்டும். வேலை பெருகினால் சொந்த ஆள்களப் பெயர் ஒன்றை, அதாவது ஆண்டுக் கட்டணம் செலுத்தித் தமக்கென வைத்துக்கொள்ளும் இணைய முகவரியை, எடுத்துக்கொள்ளலாம், புள்ளி எல்.கே. என்று முடியும் முகவரியோடு, 2010இல் அங்கீகாரம் பெற்ற புள்ளி இலங்கை என்று தமிழிலேயே முடியும் முகவரியும் உண்டு. பதிவுக்குரிய மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் தொழிலாளியின் கையிலேயே இருத்தல் வேண்டும். செய்துகொடுத்த பொடியன் வெளிநாடு போனதும் பக்கத்துக்குள் நுழைய வழியில்லாமல் நிற்பது அடிக்கடி நேர்வது.

வாடிக்கையாளரின் வீட்டுப் படத்தை இடும்போது வாசல், மதில், இலக்கத் தகடு, வீட்டார் முகம் ஆகியவை தெரியாமலிருத்தல் அவசியம். உரிமையாளர் வெளிநாட்டில், வீட்டில் முதியவர் மட்டும் என்பதைப் படமோ குறிப்போ வெளிப்படுத்தினால், நன்மை செய்ய எண்ணியவர் அவ்வீட்டுக்குத் தீங்கு தேடியவராவார். கருத்துரைகளை உறவினரைக் கொண்டு எழுதுவிப்பதும் வேண்டாம். சிறிய ஊரில் யார் யாருக்கு மச்சான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இறுதியாக, பக்கம் உதவுகிறதா என்பதை ஊகத்தால் அறிய முடியாது; எழுதித்தான் அறிய முடியும். வேலைக்கணக்கு எழுதும் கொப்பியில் ஒரு பத்தியைக் கூடுதலாகக் கோடிட்டு, அழைக்கும் ஒவ்வொருவரிடமும் "என்ர நம்பர் ஆர் தந்தது?" என்று கேட்டு, மேசன், கடை, அயலவர், ஸ்ரிக்கர், வரைபடம், பக்கம் என்று ஒரு சொல்லில் குறித்துவருதல் வேண்டும். பெயரை யாரோ சொல்லி, பக்கத்தைப் பார்த்த பின் அழைத்தவராயின் இரண்டையும் குறித்தல் வேண்டும். அவ்வாறு இரண்டு குறி விழுந்த வரிகளின் எண்ணிக்கையே பக்கத்தின் உண்மையான பயனைக் காட்டும். ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் கழியும்வரை, அதாவது கிணறு நிறைந்த காலமும் வற்றிய காலமும் அடங்கும்படி, இதைத் தொடர்ந்து எழுதி, ஆள்களப் பெயரைப் புதுப்பிக்கும் நாள் வரும்போது அக்கொப்பியை எடுத்துப் பார்த்து, அவ்வரிகளில் வந்த கூலி ஆண்டுக் கட்டணத்தை விடக் கூடுதலாயின் கட்டணத்தைச் செலுத்தலாம். குறைவாயின் அத்தொகைக்கு நீர்படாத ஸ்ரிக்கர் அச்சிடலாம்.